ஒரு ரப்பர் பின்னாடி

ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு அன்று காலை பத்து மணி நிலவரப்படி விலை, முழங்கை நீளத்தில் ஒரு ரப்பர் பட்டை. அது வண்டியில் இல்லை என்றால் டிரைவர் வெளியே. இருந்தது என்றால் உள்ளே.

இருந்தது. அதுதான் தொல்லை.

"பாத்தாச்சா? தொட்டும் பாத்தாச்சா? மோந்து பாக்கணும்னாலும் பாத்துட்டுக் கிளம்புங்க" என்றார் டைல்ஸ் கிடங்கின் முதலாளி.

சில்லறை நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்தான். வேனின் பின் கண்ணாடியில் படுத்திருந்த வைப்பரில் கறுப்பாக, பளபளவென்று ஒரு ரப்பர்.

"புது வாசனைங்க. வண்டிக்கு இருபத்து மூணு வயசு, இதுக்கு இன்னும் பல்லே முளைக்கல."

"இந்தாளு யாரு? துப்பறியறவரா, கூத்தாடியா?"

"கூத்து இலவசம். துப்புக்குத்தான் கூலி" என்றான் சில்லறை.

பதினெட்டு வருடம் ஏலம் கூவிப் பிழைத்த தொண்டை அவனுடையது. வாய் திறந்தால் கொசுறாக நாலு வார்த்தை கூட விழும். அதனால்தான் அந்தப் பெயர். அவன் இப்போது வேலை பார்ப்பது துப்பறியும் தராசு அக்காவிடம். கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குறைந்த எடையைக் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துப் பழகியவருக்கு, குறைந்த பேச்சும் அப்படித்தான் பிடிபடும் என்பது சில்லறையின் கணிப்பு.

தராசு அக்கா இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்ணாடியில் காய்ந்திருந்த சேற்றை விரலால் விலக்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை கொட்டும் மழையில், இதே முற்றத்தில், இந்த வேன் பின்னால் வந்து முதலாளியின் மைத்துனரை அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் அட்டியோடு வைத்து அழுத்தியது. முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது. ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முதலாளி, தான் மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். டிரைவர், தான் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கிடங்கின் மறுகோடிக்கு டெலிவரி சீட்டு எடுக்கப் போயிருந்ததாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் சாட்சி மழைதான்.

டிரைவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பின் வைப்பருக்கு ரப்பரே இல்லை. வெறும் இரும்புப் பிடிதான். அதனால் இறங்கிப் போய்த் துணியால் கண்ணாடியைத் துடைக்காமல் நான் ரிவர்ஸ் எடுத்ததே இல்லை. வியாழக்கிழமை எடுத்தவன் துடைக்கவில்லை. அவன் நான் இல்லை.

நல்ல வாதம். ஆனால் போலீஸ் வந்து பார்த்தபோது ரப்பர் இருந்தது. போதாததற்கு, விபத்துக்கு முதல் நாள் தேதியிட்ட மெக்கானிக்கின் ரசீதும் வண்டிக்குள்ளேயே கிடைத்தது. அதில் இருந்தவை இரண்டே வரிகள்: வைப்பர் ரப்பர் ரெண்டு போட்டாச்சு. ஒண்ணு பின்னாடி.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. டிரைவர் பொய்யர். இன்று இரண்டு மணிக்குக் கோர்ட்.

டிரைவரின் மனைவி தையல்காரி. விடியற்காலையில் வந்து கதவைத் தட்டியவள், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. "உங்க மேல நம்பிக்கை வச்சு வரல. நம்பினவங்க எல்லாம் கதவைச் சாத்திட்டாங்க, அதான் இங்க வந்தேன்" என்றாள். அதைக் கேட்டதும்தான் தராசு அக்கா செருப்பை மாட்டினார்.

இப்போது அவர் வேனுக்குள் ஏறி, ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சைத் திருப்பினார். பின் வைப்பர் அசையவில்லை.

"ஓடலையே?"

"பழைய வண்டிம்மா. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் படுத்துக்கும். வியாழக்கிழமை ஓடுச்சு" என்றார் முதலாளி.

"நீங்க ஓட்டுவீங்களா இதை?"

"நானா? இதுல முன் சீட்டுல உக்காந்து பத்து வருஷம் ஆச்சு. எனக்குக் கார் இருக்கு."

அக்கா குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, முட்டிக்கு மேலே இருந்த சிறு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். இறங்கி வந்து பின் கண்ணாடியைக் காட்டி, "சில்லறை, இங்க நகத்தை வச்சு இழு" என்றார்.

இழுத்தான். கண்ணாடியில் விசிறி மாதிரி வளைந்த ஒரு கோட்டில் நகம் சிக்கியது. பக்கத்திலேயே இன்னொரு கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"இருபத்து மூணு வயசு வண்டியில கீறல் இல்லாம கிரீடமா இருக்கும்?" என்றார் முதலாளி. "எங்க மாப்ள உள்ள இருக்காரு. வலியில இருக்கற மனுஷன். ரெண்டு நிமிஷம் பேசிட்டு நடையைக் கட்டுங்க."

மாப்ள என்பது மைத்துனர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி, கிடங்கில் பாதிப் பங்குக்காரர். சக்கர நாற்காலியில், மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு டைல்ஸ் பெட்டிமேல் நீட்டிக்கொண்டிருந்தார். வலியைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது.

"என் முட்டியை நொறுக்கினவனுக்கு வக்காலத்தா? உங்ககிட்ட நான் எதுக்குப் பேசணும்?"

"பேச வேணாம். திட்டுங்க. எனக்கு வேணுங்கறது அதுலயே வந்துடும்" என்றார் தராசு அக்கா.

அவர் திட்டினார். நன்றாகவே திட்டினார். டிரைவரின் பரம்பரையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஏலக்காரன் காதுக்கே அதில் இரண்டு புதிய சொற்கள் கிடைத்தன.

"குனிஞ்சு பெட்டி எண்ணிட்டிருந்தேன். பின் கதவு வந்து அப்படியே அட்டியோட வச்சு நசுக்குச்சு. கண்ணாடி பூராச் சேறு, உள்ள இருக்கறது மனுஷனா மாடான்னே தெரியல. கத்தறேன், கேக்கல. பிரேக்கு வேற கீச்சு கீச்சுன்னு போட்டுக் கொல்லுது. திடீர்னு அது நின்னுச்சு. அப்புறம்தான் என் சத்தம் அந்தப் பாவிக்குக் கேட்டிருக்கு. வண்டி முன்னாடி போச்சு, நான் விழுந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்."

"பிரேக் எத்தனை தடவை கத்துச்சு?"

"பதினஞ்சு தடவை இருக்கும். என்ன கேள்வி இது?"

"ஒரு வண்டி நிக்கறதுக்குப் பதினஞ்சு பிரேக்கா?" என்றான் சில்லறை. "ரயிலே ஒண்ணுல நின்னுடுமே!"

நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் ஒன்று இருந்தது. அது சில்லறையின் காதோரமாகப் பறந்து போய்ச் சுவரில் மோதியது. பேட்டி முடிந்தது.

மெக்கானிக் ஷெட்டில் வரவேற்பு அதைவிட மோசம்.

"போலீஸ் வந்து ரசீதைக் காட்டி, உன் கையெழுத்தான்னு கேட்டாங்க. ஆமான்னேன். போயிட்டாங்க. இப்ப நீங்க வந்து அதையே கேக்கறீங்க. கையெழுத்து என்ன, நாலு நாள்ல மாறிடுமா?" ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே பேசினார் மெக்கானிக்.

"பின் வைப்பருக்கு என்ன கோளாறு?"

"என்ன கோளாறு இல்லன்னு கேளுங்க. பின் கதவு மடியற இடத்துல வயர் தேஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு தடவை போட்டா நிக்காது. சுவிட்சை அணைச்சாலும் ஆடிட்டேதான் இருக்கும். பின் கதவைத் திறந்து சாத்தினா வயர் விலகும், நிக்கும். எனக்கும் டிரைவருக்கும்தான் அந்த வித்தை தெரியும்."

அப்போது தெருவில் வந்த ஒரு ஆள் வாசலில் நின்று, "அண்ணே, என் பைக் ரெடியா?" என்று குரல் கொடுத்தான்.

"செயின் போட்டாச்சு. ஹார்ன் பின்னாடி" என்றார் மெக்கானிக், தலையை வெளியே எடுக்காமல்.

"ஹார்ன் பின்னாடியா? எதுக்குய்யா?" என்றான் சில்லறை. "முன்னாடி போறவன்தானே வழி விடணும்? பின்னாடி வச்சா வாலை மிதிச்ச பூனை மாதிரி..."

சொல்லிக்கொண்டே திரும்பியவன் நிறுத்தினான். தராசு அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சரியான எடை கிடைத்த மாதிரி ஒரு முகம்.

"அண்ணே, 'ஒண்ணு பின்னாடி'ன்னு ரசீதுல எழுதினீங்களே. அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் அக்கா.

மெக்கானிக் முதல்முறையாகத் தலையை வெளியே எடுத்தார். இவ்வளவு மக்குத்தனமான ஒரு கேள்வியைக் கேட்டவர் முகத்தைப் பார்க்கும் ஆசை.

"என்ன அர்த்தமா? ஒண்ணு பின்னாடி போட்டுக்கலாம்னு அர்த்தம். பிறகு. அப்புறம். கையில ரெண்டுதான் இருந்துச்சு, முன்னாடி வைப்பருக்குப் போட்டுட்டேன். இந்த மாடலுக்குப் பின் ரப்பரே வர்றதில்ல, சொல்லி வச்சிருந்தேன். அதுவே சனிக்கிழமைதான் வந்துச்சு." இழுப்பறையைத் திறந்து, உறை பிரிக்காத ஒரு ரப்பரை எடுத்து மேசைமேல் போட்டார். "இந்தா, படுத்திருக்கு."

"அப்ப வண்டியில இருக்கறது?"

"எனக்கென்ன தெரியும்? என்கிட்ட யாரு கேட்டாங்க?"

சில்லறை அந்த ரப்பரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். 'பின்னாடி' என்ற ஒரே சொல்லை இடம் என்று படித்தது போலீஸ். காலம் என்று எழுதினவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணே, ஒரு ஃபியூஸ் குடுங்க. சின்னது" என்றார் தராசு அக்கா. "அப்படியே உங்க போனையும். இன்ஸ்பெக்டர்கிட்டப் பேசணும்."

இன்ஸ்பெக்டர் போனில் குரைத்தது ஷெட் முழுக்கக் கேட்டது. கோர்ட்டுக்குப் போகிற வழியில் பத்து நிமிஷம் நிறுத்துவேன். பதினோராவது நிமிஷம் ஜீப் கிளம்பிவிடும்.

ஒன்றரை மணிக்கு முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மைத்துனரை நாற்காலியோடு உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கை விலங்கோடு இறங்கிய டிரைவரைக் கண்டதும் அவர் எச்சிலைத் துப்பினார். தையல்காரி புருஷனுக்கும் அந்த எச்சிலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஒன்பது நிமிஷம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு நாலு போதும். சில்லறை, அந்தப் புது ரப்பரை உருவு."

உருவினான். வழுக்கிக்கொண்டு வந்தது. வேறு ஏதோ வண்டிக்கு விற்றதைக் கத்திரியால் வெட்டிச் செருகியிருந்தார்கள். வெட்டின முனை கோணல்.

"போலீஸ் பாத்த சாட்சியத்தைக் கலைக்கறாங்க சார்!" என்று கத்தினார் முதலாளி.

"எட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

தராசு அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறி, முட்டிக்கு மேலே ஏதோ செய்துவிட்டு, சுவிட்சைத் திருப்பினார்.

கீ...ரீ...ச்!

வெறும் இரும்பு கண்ணாடியில் ஏறி இறங்கியது. பல் கூசியது. மறுபடி கீரீச். மறுபடி. காலையில் சில்லறையின் நகம் சிக்கிய கோடுகள் மேலேயே பிசகாமல் ஓடியது. அவன் தற்செயலாக மைத்துனரைப் பார்த்தான். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போயிருந்தது.

அக்கா சுவிட்சை அணைத்தார். வைப்பர் நிற்கவில்லை. மறுபடி அணைத்தார். நிற்கவில்லை.

"ஐயோ, இது நிக்க மாட்டேங்குதே! என்ன பண்றது? யாராவது சொல்லுங்களேன்!" அக்காவுக்குப் பதறத் தெரியும் என்பதே சில்லறைக்கு அன்றுதான் தெரிந்தது.

"பின் கதவைத் திறந்து சாத்துங்கம்மா!" என்று விலங்கோடு ஓடி வந்தார் டிரைவர்.

அதே மூச்சில் இன்னொரு குரல், காதைப் பொத்திக்கொண்டு:

"மூணாவது ஃபியூஸு! அதைப் பிடுங்கித் தொலைங்க!"

அக்கா பிடுங்கினார். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. காதைப் பொத்தியிருந்த கைகளை முதலாளி மெதுவாக இறக்கினார்.

"காலையில பாத்தேன், மூணாவது குழி காலியா இருந்துச்சு" என்றார் தராசு அக்கா இறங்கிக்கொண்டே. "பத்து வருஷமா முன் சீட்டுல உக்காராதவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என் வண்டி! இருபத்து மூணு வருஷமா என் வண்டி! எத்தனையாவது ஃபியூஸ்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"நியாயம்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "தெரிஞ்சிருக்கறது குத்தமில்ல. ஆறு நிமிஷம்."

சில்லறைக்கு நல்ல சரக்கு ஏலத்தின் கடைசிக் கேள்வியில் விலை படியாமல் திரும்புகிற மாதிரி இருந்தது. ஆனால் அக்கா முதலாளியைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைப் பார்த்தார்.

"சார், நீங்க காலையில திட்டினீங்களே. கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். அது பிரேக்கா?"

மைத்துனர் எச்சிலை விழுங்கினார். இம்முறை துப்பவில்லை. "இல்ல. இதுதான் அது."

"அது நின்னப்போ பின் கதவு எங்க இருந்துச்சு?"

"என் முட்டி மேல."

"யாராவது திறந்து சாத்தினாங்களா?"

வந்த பதிலில் கோபம் இல்லை. அதைக் கேட்பதற்கு இன்னும் பயமாக இருந்தது.

"எப்படித் திறப்பான்? திறக்கணும்னா நான் நகரணுமே. நான் கதவுக்கும் அட்டிக்கும் நடுவுல இருந்தேன். கதவு திறக்கவே இல்ல. சத்தம் மட்டும் நின்னுச்சு." நாற்காலியைத் தானே திருப்பி முதலாளியின் எதிரில் நிறுத்தினார். "ஃபியூஸைப் பிடுங்கினாத்தான் அப்படி நிக்கும். இல்ல, மாமா?"

முதலாளி ரப்பரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், கிடங்கின் வாசலைப் பார்த்தார். பேரம் பேச ஆள் தேடும் பார்வை. எங்கும் கடை திறந்திருக்கவில்லை.

"மழை உள்ள அடிச்சுது மாப்ள. பெட்டியெல்லாம் நனையுது, இவன் வண்டியைக் குறுக்க விட்டுட்டுப் போயிட்டான். கொஞ்சம் நகத்தலாம்னு எடுத்தேன். பின்னாடி ஒண்ணும் தெரியல, வைப்பரைப் போட்டேன். அது கத்தற கத்துல... நீ கத்தினது கேக்கல மாப்ள. சத்தியமா கேக்கல. வேணும்னு செய்யல."

"வேணும்னு செய்யல, சரி. உள்ள ஓடிப்போய் மேசையில உக்காந்தீங்களே, அது? கட்டுப் போட்டுக் கிடந்தப்போ பக்கத்துல நின்னு, அந்த டிரைவரை விடாதே மாப்ளன்னீங்களே, அது?"

"என் லைசென்ஸு முடிஞ்சு போச்சு. உங்க அக்கா சும்மா விடுவாளா? பங்கைப் பிரின்னு நீயும்..."

"அப்பக் கேக்கலன்னா பரவால்ல மாமா. இப்ப நல்லாக் கேக்குது."

தராசு அக்கா இன்ஸ்பெக்டரிடம் இரண்டு ரப்பர்களையும் நீட்டினார்: உறை பிரிக்காதது ஒன்று, கோணலாக வெட்டினது ஒன்று. "இவரு இறங்கிப் பாத்தா வைப்பர்ல ரப்பர் இல்ல. ஆனா வண்டியில இருந்த ரசீதுல 'ஒண்ணு பின்னாடி'ன்னு இருக்கு. சரி, ரசீதுல இருக்கறது வண்டியிலயும் இருந்தா டிரைவர் பொய்யனாயிடுவான்னு, எங்கயோ ஒண்ணை வாங்கி வெட்டிச் செருகிட்டாரு. மெக்கானிக் எழுதினது 'அப்புறம் போடறேன்'னு." முதலாளி பக்கம் திரும்பினார். "ரசீதுக்கு ஏத்த மாதிரி வண்டியை மாத்தினீங்க. அதுக்கு முன்னாடி ரசீதை ஒழுங்காப் படிச்சிருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்து விலங்கைக் கழற்றினார். கழற்றின விலங்கைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்க ஏறுங்க" என்றார் முதலாளியிடம்.

டிரைவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றார். நாலு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவரைக் கடந்துதான் முதலாளி ஜீப்புக்குப் போக வேண்டும். கடக்கும்போது நின்றார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நாளைக்கு டெலிவரி மூணு இருக்கு. சாவி மேசையில இருக்கு, எடுத்துக்க" என்றார் முதலாளி.

சில்லறைக்குக் கை பரபரத்தது. ஆனால் தையல்காரி முந்திக்கொண்டாள். ஜீப்பின் கதவில் கையை வைத்து வழியை அடைத்தாள்.

"என் புருஷன் நாலு ராத்திரி தரையில படுத்தாரு. தெருவுல என் பையன் முன்னாடியே அவரைக் கொலைகாரன்னாங்க. அவரு கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. பெரிய வார்த்தை வேணாம். சின்னதே போதும்."

முதலாளி அவள் கையைப் பார்த்தார், ஏதோ கூலியாள் குறுக்கே நிற்கிற மாதிரி.

"அதெல்லாம் பின்னாடி பேசிக்கலாம்" என்றார்.

அவள் கையை எடுத்தாள். டிரைவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். மேசையில் இருந்த சாவியை யாரும் எடுக்கவில்லை. மைத்துனர் மட்டும் நாற்காலியை உருட்டி வாசல்வரை போனார். கூப்பிட நினைத்தவர் போல வாயைத் திறந்தார். டிரைவரின் பெயரைக் கெட்ட வார்த்தை இல்லாமல் சொல்லிப் பழகவில்லை போலிருக்கிறது, மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. ஒரு மூடிய கடையின் ஓரம் ஒதுங்கினார்கள். சில்லறை சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, வழக்கை முடிக்கும்போது எழுதுகிற வரிகளை எழுதினான். அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்தது: டிரைவர் ஒண்ணு. நல்ல பேரு ஒண்ணு, கொஞ்சம் கசங்கல்.
திரும்பாதது: முழங்கால் சில்லு ஒண்ணு. மாமன் மச்சான் உறவு ஒண்ணு.
போலீஸ் கைவசம்: வைப்பர் ரப்பர் ரெண்டு.
பாக்கி: மன்னிப்பு ரெண்டு. பின்னாடி.

"பின்னாடின்னா?" என்று கேட்டார் தராசு அக்கா.

"அது எழுதினவனைத்தான் கேக்கணும்" என்று நோட்டை மூடினான் சில்லறை.